கேளுங்க சொல்றேன்: கேக்காத கப்பலுக்குக் குடுத்த பெர்மிஷன்

கேள்வி: அண்ணா, வட துருவம் பக்கம் ஒரு நாட்டுக் கடலுக்குள்ள வேற நாட்டுக் கப்பல் சொல்லாம கொள்ளாம நுழைஞ்சா என்னதான் பண்ணுவாங்க, சுட்டுருவாங்களா? நம்ம மொரிஷியஸ்ல ராணுவமே கிடையாது, அதான் கேக்குறேன்.
— ஒரு வாசகி, ரோஸ் ஹில்

பதில்: சுட மாட்டாங்க தங்கச்சி, அதுக்கு முன்னாடி ஆயிரம் வேலை இருக்கு, அதுல முக்கால்வாசி லெட்டர் எழுதுற வேலை. 1985-ல நடந்தத கேளுங்க. ‘போலார் சீ’ங்கற அமெரிக்க கோஸ்ட் கார்ட் ஐஸ் பிரேக்கர், அதாவது பனிய உடைச்சுக்கிட்டு போற கப்பல், கிரீன்லாந்துல இருந்து அலாஸ்கா போகணும், குறுக்கு வழி கனடா தீவுகளுக்கு நடுவுல போற வடமேற்குக் கடல்பாதை. வர்றோம்னு அமெரிக்கா தகவல்தான் சொல்லிச்சு, பெர்மிஷன் கேக்கல, கேட்டா அது கனடா கடல்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமே, அது எல்லாருக்கும் பொதுவான ஜலசந்திங்கறது அவங்க வாதம். கனடா என்ன பண்ணிச்சு தெரியுமா, கேக்காத பெர்மிஷன தானாவே குடுத்துருச்சு! கூடவே தன் ஆளுங்களையும் அதே கப்பல்ல ஏத்தி விட்டுச்சு. சிரிப்பாதான் இருக்கு, ஆனா மௌனம் சம்மதம்னு நம்ம சொல்றது சர்வதேச சட்டத்துலயும் செல்லும், இன்னிக்கு வாய மூடிட்டு இருந்தா நாளைக்கு கோர்ட்ல அன்னிக்கு ஏன் பேசலன்னு மடக்கிருவான்.

அந்த செப்டம்பர்லயே கனடா தன் வடக்குத் தீவுக்கூட்டத்த சுத்தி கோடு இழுத்து உள்ள இருக்கறதெல்லாம் எங்க உள்நாட்டுக் கடல்னு அறிவிச்சுட்டாங்க, 1986 ஜனவரி 1-ல இருந்து அமல். பெரிய ஐஸ் பிரேக்கர் ஒண்ணு கட்டப்போறோம்னும் சொன்னாங்க, 1990-ல செலவு தாங்காதுன்னு கைவிட்டாங்க (அரசாங்கம்னா எங்கயும் அரசாங்கம்தான்). 1988-ல ஒரு ஒப்பந்தம், அமெரிக்க ஐஸ் பிரேக்கர் இனிமே கனடா சம்மதத்தோட வரும், ஆனா கடல் யாருதுங்கற வாதத்த ரெண்டு பேருமே விடல.

பேப்பர் மட்டும் பத்தாது, அங்க நம்ம ஆளு இருக்கான்னு காட்டணும். அதுக்கு கனடா ராணுவத்துல ரேஞ்சர்ஸ்னு சுமார் 5,000 பேர் இருக்காங்க, வடக்குல நெறைய பேர் இனுயிட்ங்கற பூர்வகுடி ஜனங்க, சிவப்பு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஸ்னோமொபைல்ல சுத்தி வருவாங்க, வித்தியாசமா எதாவது கண்ணுல பட்டா தகவல் சொல்றதுதான் வேலை. கையில துப்பாக்கி உண்டு, அது முக்கியமா பனிக்கரடிக்கு.

இதுல எனக்கு வயிறு எரியற விஷயம் ஒண்ணு இருக்கு. 1953-லயும் 1955-லயும் கியூபெக் மாகாணத்து வடக்குல இருக்கற இனுக்ஜுவாக்ங்கற ஊர்ல இருந்த இனுயிட் குடும்பங்கள கனடா சுமார் 2,000 கிலோமீட்டர் வடக்க கொண்டுபோய் இறக்கிச்சு, நெறைய வேட்டை கெடைக்கும், பிடிக்கலன்னா ரெண்டு வருஷத்துல திரும்பிரலாம்னு சொல்லி. திருப்பி அனுப்பல. கொடிக்கம்பத்துக்குப் பதிலா எங்கள நட்டுட்டாங்கன்னு அந்த ஜனங்க சொன்னாங்க. மன்னிப்பு வந்தது 2010-ல.

நமக்கு இது புரியாதா என்ன? நம்மளுதுன்னு நாம கேக்குற சாகோஸ் தீவுகள்ல தலைகீழா நடந்துச்சு, அங்க டியாகோ கார்சியா தீவுல அமெரிக்க ராணுவ பேஸ் போடணும்னு பிரிட்டன்காரங்க ஜனங்கள 1973-க்குள்ள மொத்தமா கிளப்பிட்டாங்க, அங்க யாருமே நிரந்தரமா குடியிருக்கலன்னு பேப்பர்லயும் எழுதி வச்சாங்க. நம்ம கிட்ட போர்க்கப்பல் இல்ல, ஆனா விடாம கேட்டோம், 2019-ல சர்வதேச நீதிமன்றம் நம்ம பக்கம் கருத்து சொல்லிச்சு, 2022 பிப்ரவரியில வாடகைக் கப்பல்ல போய் சாகோஸ்ல இருக்கற பெரோஸ் பான்யோஸ்ல நம்ம கொடிய ஏத்துனாங்க.

கனடாவுல அந்தக் குடும்பங்கள ரெண்டு ஊரா பிரிச்சுத்தான் இறக்குனாங்க, பிரிப்போம்னு முன்னாடி சொல்லவே இல்ல. இப்ப அந்த ரெண்டு ஊர்லயும் சிலை இருக்கு, ரெசல்யூட்ல ஒத்த ஆளு சிலை, கிரைஸ் ஃபியோர்டுல கொழந்தையோட ஒரு அம்மா சிலை, ஒண்ண ஒண்ணு பாத்த மாதிரி.