டேட்டா கெடவில்லை, புது சர்வர் வேண்டாம்

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். பில்லிங் சாஃப்ட்வேரின் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. இரண்டு கவுண்டர்களும் அதில்தான் ஓடுகின்றன. மழைக்காலத்தில் கரண்ட் போய் வந்தால் கவுண்டர்களில் கனெக்‌ஷன் கிடைப்பதில்லை. விண்டோஸ் சர்வீசஸ் பக்கத்துக்குப் போய் நானே ஸ்டார்ட் கொடுத்தால் ஓடுகிறது. டேட்டா கெட்டுவிட்டது, 65,000 ரூபாயில் புது சர்வர் போடுங்கள் என்கிறார் டீலர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். டேட்டா கெட்டிருந்தால் அநேகமாக நீங்கள் ஸ்டார்ட் கொடுத்தாலும் ஓடாது.

பெரும்பாலும் கோளாறு ரூட்டர் பக்கம் இருக்கும். மைஎஸ்க்யூஎல் தொடங்கும்போது மை.ஐஎன்ஐ (my.ini) என்ற செட்டிங்ஸ் ஃபைலைப் படிக்கும். அதில் பைண்ட் அட்ரஸ் என்ற வரியில் 192.168.1.10 என்பதுபோல ஒரு ஐபி, அதாவது நெட்வொர்க் முகவரி, எழுதியிருந்தால், அந்த முகவரி கையில் இல்லாமல் தொடங்கவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும். எஸ்எஸ்டி போட்ட கம்ப்யூட்டர் கரண்ட் வந்த அரை நிமிடத்தில் எழுந்துவிடும். அந்த முகவரியைக் கொடுக்க வேண்டிய ரூட்டர் அதற்குப் பிறகு சாவகாசமாக வரும். நீங்கள் போய் ஸ்டார்ட் கொடுப்பதற்குள் ரூட்டர் தயாராகிவிடுகிறது, அதனால் ஓடுகிறது. ரப்பர் மரக்கிளை ஒன்று லைனில் சாய்ந்தாலே கரண்ட் போகிற ஊர் நம்முடையது. அப்படியிருந்தும் யூபிஎஸ்ஸைக் கம்ப்யூட்டருக்கு மட்டும் கொடுத்துவிட்டு ரூட்டரை அம்போ என்று விட்டுவிடுகிறார்கள்.

உறுதிசெய்ய, மைஎஸ்க்யூஎல்லின் டேட்டா ஃபோல்டரில் கம்ப்யூட்டரின் பெயரோடு .இஆர்ஆர் என்று முடியும் ஃபைலை நோட்பேடில் திறந்து, கரண்ட் வந்த நேரத்துக்கான வரிகளைப் பாருங்கள். பைண்ட் ஆன் டிசிபி/ஐபி போர்ட் என்று எரர் இருந்தால் விஷயம் இதுதான்.

இனி மை.ஐஎன்ஐயைத் திருத்த வேண்டும். ஒரே கம்ப்யூட்டரில் இந்தப் பெயரில் இரண்டு மூன்று ஃபைல்கள் கிடக்கும். தவறானதைத் திருத்திவிட்டு, ஒன்றும் மாறவில்லையே என்று புலம்புபவர்கள்தான் அதிகம். சர்வீசஸில் மைஎஸ்க்யூஎல்லின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால், எக்ஸிக்யூட்டபிள் பாத் வரியில் டிஃபால்ட்ஸ் ஃபைல் என்ற சொல்லுக்குப் பின்னால் சரியான இடம் இருக்கும். வழக்கமாக அது சி டிரைவில் ப்ரோகிராம்டேட்டா ஃபோல்டருக்குள் இருக்கும். கடைக்காரர் தினமும் நம்பியிருக்கும் ஒரு ஃபைலை ஒளித்துவைத்த ஃபோல்டரில் போட்டவர்களை என்ன சொல்வது!

முதலில் அதை பென்டிரைவில் ஒரு நகல் எடுங்கள். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பைண்ட் அட்ரஸ் வரியின் முன்னால் # குறி போட்டு, அதே பெயரில் சேமியுங்கள். ஃபைல் பெயரின் வாலில் நோட்பேட் .டிஎக்ஸ்டி ஒட்டிவிடாமல் பாருங்கள். அப்புறம் அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து, ஸ்டார்ட்டப் டைப்பை ஆட்டோமேட்டிக் டிலேய்டு ஸ்டார்ட் என்று மாற்றுங்கள். மற்ற சர்வீஸ்கள் எழுந்து ஏறக்குறைய இரண்டு நிமிடம் கழித்துத்தான் மைஎஸ்க்யூஎல் தொடங்கும். சர்வர் கம்ப்யூட்டருக்கு எப்போதும் ஒரே ஐபி கிடைக்கும்படி ரூட்டரிலும் பதிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் கவுண்டர்கள் பழைய முகவரியைத் தேடிக்கொண்டிருக்கும்.

இந்த வேலைக்கு டீலரைக் கூப்பிட்டால் பக்கத்திலேயே உட்காருங்கள். வீட்டிலிருந்தே ரிப்போர்ட் பார்க்கலாம் சார் என்று சொல்லி, ரூட்டரில் மைஎஸ்க்யூஎல்லின் வாசலான 3306 போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடும் ஆட்கள் உண்டு. அதோடு டேட்டாபேஸின் மாஸ்டர் யூசரான ரூட்டின் பாஸ்வேர்ட் 1234 ஆகவும் இருந்தால், ஊரில் உள்ள எவனும் உங்கள் கணக்கைத் திறக்கலாம். ஃபயர்வாலில் அந்தப் போர்ட் கடைக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் போதும்.

அடுத்த வித்தை, ஸ்பீடு ஏற்றித் தருகிறேன் என்பது. இன்னோடிபி ஃப்ளஷ் லாக் அட் டிரான்சாக்‌ஷன் கமிட் என்று ஒரு நீளமான செட்டிங் உண்டு. அது 1 ஆக இருந்தால் ஒவ்வொரு பில்லும் அப்போதே டிஸ்க்கில் பதியும். 2 ஆக்கினால், கரண்ட் போகிற நேரத்தில் கடைசி ஒரு நொடியில் போட்ட பில்கள் காணாமல் போகலாம். 0 ஆக்கினால் கரண்ட் இருக்கும்போதே மைஎஸ்க்யூஎல் செயலிழந்தாலும் போகும். வாடிக்கையாளர் பணம் கொடுத்துப் போயிருப்பார், பில் இருக்காது. கடைக்கு 1தான்.

இதற்கு ஒரே விதிவிலக்கு, பழைய சாஃப்ட்வேரின் சரக்குப் பட்டியல் முழுவதையும் கடை மூடிய நாளில் ஒரே மூச்சில் ஏற்றுவது. அன்று 2 வைத்துக்கொள்ளலாம்; இடையில் கரண்ட் போனாலும் மறுபடி ஏற்றினால் சரி. ஆனால் அதை மை.ஐஎன்ஐயில் எழுதக் கூடாது, எழுதினால் அழிக்க மறந்துவிடுவார்கள். செட் குளோபல் என்ற கட்டளையால் மாற்றினால் அடுத்த ரீஸ்டார்ட்டில் தானாகப் பழைய நிலைக்கு வரும். 8.0 பதிப்பு முதல் செட் பெர்சிஸ்ட் என்று இன்னொன்று இருக்கிறது. அதில் மாற்றினால் மைஎஸ்க்யூஎல்டி-ஆட்டோ.சிஎன்எஃப் என்ற தனி ஃபைலில் ஏறி, மை.ஐஎன்ஐயில் என்ன எழுதினாலும் அதை மீறிவிடும். குளோபலா, பெர்சிஸ்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேள்வி புரியாமல் விழிக்கிறவரிடம் கீபோர்டைக் கொடுக்காதீர்கள்.

ஏஎம்சி என்ற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன் ரூட் பாஸ்வேர்டை எழுதி வாங்குங்கள். கம்பெனி ரூல் சார், தர முடியாது என்பார்கள். கம்பெனி அவர்களுடையதாக இருக்கட்டும், கணக்கு உங்களுடையது. பாஸ்வேர்டும் முழு பேக்கப்பும் கைக்கு வந்த பிறகே செக்கில் கையெழுத்துப் போடுங்கள். மிச்சமாகும் பணத்தில் ரூட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கிவிடுங்கள்.