புகைக்குள் சிவந்த பறுவ நிலா: கேள்வி பதில்

கனடாவின் காட்டுத்தீப் புகைக்குள் முழுநிலவு சிவந்து எழுவதைப் பார்த்து அங்குள்ள எங்கள் சனம் கேட்டவையும், யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் கேட்டவையும் இங்கே சேர்ந்திருக்கின்றன. பதினைந்து வருடமாகப் பறுவத்துக்குப் பறுவம் நிலாப் படம் எடுக்கிறவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ரொறன்ரோவிலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணை, கண்ணுக்குச் செக்கச்செவேலென்று தெரிந்த நிலா, கமெராவில் வெள்ளை வட்டமாக வருகிறதே?

இரண்டு பிழை சேர்ந்து நடக்கிறது, தங்கச்சி. படத்தில் பெரும்பகுதி இருட்டு. கமெரா அந்த இருட்டை வெளிச்சமாக்கப் பார்க்க, நிலா வெளுத்துப் போகிறது. மற்றது, தானியங்கி வைற் பலன்ஸ் (ஒளிக்கேற்ப நிறத்தைச் சமன்செய்யும் அமைப்பு) சிவப்பைக் குறையென்று நினைத்துக் கழுவிவிடுகிறது. அதைப் பகல் வெயில் அடையாளத்துக்கு, அதாவது 5500 கெல்வின் அளவுக்கு, மாற்றிவிடுங்கள்.

அப்புறம் எல்லாம் மனுவலில், அதாவது அளவுகளை நீங்களே வைக்கும் முறையில். தெளிந்த வானத்து முழுநிலவுக்கு எஃப் 11 (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ 100 (ஒளி உணர்திறன்), ஷட்டர் 1/100 (ஒளி விழும் நேரம், செக்கனில்) என்பது பழைய கணக்கு. புகைக்குள் அது காணாது. எஃப் 8, ஐஎஸ்ஓ 400, 1/60 என்று தொடங்கி, புகையின் தடிப்பைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஹிஸ்டோகிராமில், அதாவது படத்தின் இருட்டு வெளிச்சத்தைக் காட்டும் வரைபடத்தில், சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறங்களையும் தனித்தனியே பாருங்கள். மொத்தக் கோடு நன்றாகத்தான் இருக்கும், சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டி நிற்கும். முட்டினால் நிலவின் கருந்திட்டுகள் எல்லாம் அழிந்து, ஒட்டுப்பொட்டு மாதிரித் தட்டையாகிவிடும். பிறகு கணினியில் என்ன செய்தாலும் அது திரும்பாது. என்னுடைய முதல் சிவந்த நிலாக்கள் எல்லாம் அப்படித்தான் போயின. சிவப்பு முட்டாத அளவுக்கு இருட்டாக, ரா ஃபைலில் (கமெரா திருத்தாத மூலக் கோப்பில்) எடுங்கள்.

வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு மாணவன்: புகைக்கு ஏன் சிவப்பு, சேர்?

புகையின் நுண்துகள்கள் நீல ஒளியைத்தான் கூடுதலாகச் சிதறடிக்கும். சிவப்பு தப்பி வரும். அடிவானத்தில் ஒளி கடக்கும் காற்று, உச்சியில் கடப்பதைப்போல முப்பது மடங்குக்கு மேல் என்பதால் அங்கே இன்னும் சிவக்கும். துகளின் பருமன் மாறினால் நிறமும் தலைகீழாகும், தம்பி. 1950 செப்டம்பரில் மேற்குக் கனடாவின் தீப்புகை ஸ்கொட்லாந்துவரை போய்ச் சூரியனை நீலமாகக் காட்டியது. 1883இல் கிரகட்டோவா எரிமலை வெடித்த பிறகு இலங்கையிலேயே சூரியன் பச்சையாகத் தெரிந்தது. நிறப்படம் இல்லாத காலம். அது எனக்கு இன்றும் மனக்குறைதான்.

யாழ் நகரிலிருந்து ஒருவர்: இங்கே காட்டுத்தீ இல்லையே, எங்களுக்கு என்ன வழி?

சோளகக் காற்றுக் காலத்துத் தூசியும், காய்ந்த ஓலை எரிக்கும் புகையும் அடிவானத்தில் இருக்கின்றனவே. போயா நாளில் சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி நிலா எழும். நல்ல சிவப்பு முதல் பத்துப் பதினைந்து நிமிடம்தான், ஆகவே முன்கூட்டியே போய் நில்லுங்கள். பண்ணைப் பாலத்தில் நின்று கிழக்கே பார்த்தால் கோட்டைப் பக்கம். கடலிலிருந்து எழுவது வேண்டுமென்றால் மணற்காடு. மார்கழிப் பறுவம் வடகிழக்கிலும் ஆனிப் பறுவம் தென்கிழக்கிலும் எழும் என்பதைக் கணக்கில் எடுங்கள்.

கோபுரத்துக்குப் பின்னால் பெரிய நிலாவாக வரவேண்டும். வேறு படத்து நிலாவை வெட்டி ஒட்டலாமா?

ஒட்ட வேண்டாம். தூரப் போங்கள். 20 மீட்டர் கோபுரத்தை 2.2 கிலோமீட்டர் தள்ளி நின்று பார்த்தால் நிலாவும் கோபுரமும் ஒரே உயரம். லென்ஸ் எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது, ட்ரைபொட் கட்டாயம்.

ஃபோன்தான் இருக்கிறது, அண்ணை.

சரி, நிலவில் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைக் கீழே இழுத்துவிடுங்கள். பெரிதாக்க வேண்டாம். பனைமரங்களோடு சேர்த்து எடுங்கள்.

ரொறன்ரோவிலிருந்து இன்னொருவர்: புகை நாளில் வெளியே நின்றால் கமெராவுக்குக் கெடுதலா?

முதலில் உங்கள் நெஞ்சைப் பாருங்கள். என்95 முகக்கவசம் போடுங்கள், இழுப்பு உள்ளவர்கள் யன்னலுக்குள் இருந்தே எடுங்கள். வெளியில் லென்ஸ் மாற்ற வேண்டாம். கண்ணாடியில் சாம்பல் விழுந்தால் துணியால் தேய்க்காமல் காற்றுப் பம்பால் ஊதுங்கள், தேய்த்தால் கீறல் விழும்.