மழைத்தோட்டத்துக்கு மறுகால் எங்கே?

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். நாங்கள் மூலைக்கரைப்பட்டி பக்கம். இரண்டு ஏக்கர் மானாவாரி உளுந்து, இரண்டு மாடு, ஏழெட்டு ஆடு வைத்துப் பிழைக்கிறோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மொட்டைமாடித் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் சேர்ந்து பாய்ந்து, வீட்டுக்குக் கீழ்ப்பக்கம் இருந்த மேல்மண்ணை வாரிக்கொண்டு போய்விட்டது. அதனால் மழைத்தண்ணீரைப் பிடித்து மண்ணுக்குள் இறக்குகிற செடிப் பள்ளமாக ஒரு மழைத்தோட்டம் போடலாம் என்று இந்த வருஷம் 20 அடிக்கு 8 அடி, 2 அடி ஆழத்தில் பள்ளம் எடுத்தோம். எடுத்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கரையாகப் போட்டிருக்கிறோம். மேலே செவல்மண், ஒன்றரை அடிக்குக் கீழே சுக்கான், கெட்டியான சுண்ணாம்புக்கல் தட்டு. டவுனில் ஒரு நர்சரியில் சொன்னபடி பப்பாளி, செம்பருத்தி, லெமன் கிராஸ், கல்வாழை, வெடேலியா எல்லாம் வாங்கி வைத்தோம். ஐப்பசி மழையில் நாலு நாள் தண்ணீர் நின்றது. பப்பாளி சாய்ந்துவிட்டது, செம்பருத்தி மஞ்சளாகிவிட்டது, லெமன் கிராஸ் தூரோடு அழுகிவிட்டது. மிச்சத்தை ஆடு பார்த்துக்கொண்டது. இரண்டு டிராக்டர் செம்மண்ணும் தேங்காய்நார்க் கழிவும் போட்டு வேறு செடி வைத்துத் தருகிறேன், 18,000 ரூபாய் ஆகும் என்கிறார் நர்சரிக்காரர். எந்தச் செடி வைத்தால் அழுகாது? கொசு வரும், பாம்பு வரும் என்று அத்தை வேறு பயப்படுகிறார்கள். நீங்கள்தான் சொல்லவேண்டும்.

பதில்: தங்கச்சி, முதலில் அந்த 18,000 ரூபாயை முந்தானையில் முடிந்து வையுங்கள். உங்கள் செடிகளைக் கொன்றது மண் இல்லை, பள்ளத்தின் ஆழம். ஒன்றரை அடிக்குக் கீழே சுக்கான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு அடி வெட்டியபோது சுக்கான் மேலேயே தளம் போட்டுவிட்டீர்கள். அதற்குள் இறங்கும் தண்ணீர் எங்கே போகும்? இதன் மேல் எந்த ஊர்ச் செம்மண்ணைக் கொண்டுவந்து கொட்டினாலும், அடியில் இருக்கிற சுக்கான் தட்டு அப்படியேதான் இருக்கும். பப்பாளி வேரில் இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே பிழைப்பது கஷ்டம். அதைப் பள்ளத்துக்குள் வைக்கச் சொன்னவர் தொழில் தெரியாமல் சொல்லியிருக்கவேண்டும், இல்லையென்றால் கன்று விற்றால் போதும் என்று சொல்லியிருக்கவேண்டும்.

எந்தச் செடி என்று கேட்டீர்கள், வருகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் கேட்டிருக்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பள்ளம் நிறைந்தபிறகு தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும்? கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நம் பக்கத்தில் மறுகால், அதாவது மிஞ்சிய தண்ணீர் வெளியேறுகிற வாய், இல்லாத குளம் ஒன்றைக் காட்டமுடியுமா? மழைத்தோட்டமும் குளம்தான். பெரிய குளம் மாசக்கணக்கில் தண்ணீரைத் தேக்கும், இது ஒன்றிரண்டு நாளில் குடித்து முடித்துவிடவேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். கரை போட்டுவிட்டு மறுகால் விடவில்லை என்றால், தண்ணீர் தனக்குப் பிடித்த இடத்தில் உடைத்துக்கொள்ளும். புது மண் கரைதான் அதற்கு முதலில் பிடிக்கும்.

உங்கள் மாடி எத்தனை அடி என்று எழுதவில்லை. 1,200 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த மாடியிலிருந்து 1,100 லிட்டர் இறங்கும். உங்கள் பள்ளத்தில் முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவாக, 8 அங்குலம் தண்ணீர் நிற்கவிட்டால் கொள்வது 3,000 லிட்டர். இரண்டரை சென்டிமீட்டர் மழைக்கே நிறைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு ராத்திரி மழை அதைத் தாண்டிவிடும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பதிவானது ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். அப்படி ஒரு மழை உங்கள் மாடியில் விழுந்தால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வரும். அதைப் பள்ளம் வெட்டி நிறுத்துகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மண்ணை அறுக்காமல் அதை வழியனுப்பத்தான் நாம் ஏற்பாடு செய்யமுடியும்.

ஆகவே மண்வேலையை இப்படி மாற்றுங்கள். பள்ளத்தை 8 அடியிலிருந்து 12 அடி அகலமாக்குங்கள், ஆழத்தைக் குறையுங்கள். மூடுவதற்கு முன்னால் அடியில் நாலைந்து இடத்தில் கடப்பாரை போட்டுப் பாருங்கள். சுக்கான் ஒரு சாண் கனம்தான் என்றால் அந்த இடங்களில் உடைத்துவிடலாம், அடியில் இளகிய மண் வரும். உடையவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அதற்காக மிஷின் வைக்கவேண்டாம். பிறகு, கரையில் கிடக்கும் உங்கள் சொந்த மண்ணையே இழுத்துப் போட்டு, மேல்மட்டத்திலிருந்து 8 அங்குலம் மட்டும் பள்ளமாக விடுங்கள். அதில் ஒரு அடிக்குச் சின்னக் குழி எடுத்துத் தண்ணீர் ஊற்றி ஒருமுறை வற்றவிட்டு, மறுபடி ஊற்றிக் குச்சி நட்டு அளந்து பாருங்கள். முதல்முறை ஊற்றுவது கணக்கில்லை, காய்ந்த மண் வெறியோடு குடிக்கும். இரண்டாவது முறை மணிக்கு அரை அங்குலம் இறங்கினால் நல்ல மண். கால் அங்குலம் என்றாலும் ஒன்றரை நாளில் காலியாகிவிடும், பாதகமில்லை. அதற்கும் கீழே என்றால் பள்ளத்தை 5 அங்குலமாக்கி இன்னும் அகலப்படுத்துங்கள்.

மறுகாலைப் புதுக்கரையில் வைக்காதீர்கள். பள்ளத்தின் ஓர் ஓரத்தில், வெட்டுப்படாத கெட்டித் தரை இருக்கும் பக்கமாக, இரண்டு அடி அகலத்துக்கு வையுங்கள். பள்ளத்து அடிமட்டத்திலிருந்து 8 அங்குல உயரத்தில் தட்டைக் கல் பாவி, கரை அதைவிட அரை அடியாவது உயர்ந்து நிற்கட்டும். அங்கிருந்து தண்ணீர் உளுந்து வயல் வரப்பைத் தொடாமல் ஓடைக்குப் போகவேண்டும். மாட்டுத்தொழுவம் கழுவுகிற தண்ணீர் இந்தப் பள்ளத்துக்குள் வரவே கூடாது. பக்கத்தில் கிணறோ போரோ இருந்தால் நேராக அதற்குள் இறக்கிவிட்ட மாதிரி ஆகிவிடும். அதைத் தனியாகத் தென்னைக்கோ வாழைக்கோ திருப்புங்கள். வீட்டு அஸ்திவாரத்திலிருந்து பள்ளம் 10 அடி தள்ளி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, செடிக்கு வருவோம்.

தை கடைசியில் உங்கள் ஊர்க் குளத்துக்குப் போங்கள். கரைமேல் நின்று பார்த்துவிட்டு வந்துவிடாமல், கரையின் உள்சரிவில் மேலிருந்து தண்ணீர் விளிம்புவரை மெதுவாக இறங்கி நடங்கள். கரை உச்சியில் ஆவாரையும் தும்பையும் நிற்கும். கொஞ்சம் இறங்கினால் நொச்சி. அதற்கும் கீழே அருகு. தண்ணீர் வடிந்து ஈரம் இன்னும் காயாத இடத்தில் பொடுதலை தரையோடு தரையாகப் பின்னிக் கிடக்கும், சின்ன ஊதாவும் வெள்ளையுமாகப் பூவோடு. அதைத் தாண்டிச் சேற்றில் கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி, நீர்முள்ளி. இந்த வரிசையை யாரும் நட்டுவைக்கவில்லை. எத்தனை நாள் தண்ணீரில் நிற்கமுடியுமோ அந்தந்த மட்டத்தில் அததுவே இடம் பிடித்துக்கொண்டது. உங்கள் மழைத்தோட்டத்து வரைபடம் அங்கே தரையில் கிடக்கிறது. அதை ஒன்றுக்குப் பத்தாகச் சுருக்கி உங்கள் பள்ளத்தில் வைக்கவேண்டியதுதான்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நமக்கு மழை இரண்டரை மாசம், காய்ந்து கிடப்பது எட்டு மாசம். மழைத்தோட்டச் செடி என்று நர்சரியில் விற்பதில் முக்கால்வாசி, வருஷம் முழுக்க ஈரம் இருக்கும் ஊர்களுக்கானவை. அவற்றில் சில நம் கார்த்திகையைத் தாண்டும், சித்திரையைத் தாண்டாது. வேறு சில சித்திரையைத் தாண்டும், கார்த்திகையில் அழுகும். இரண்டையும் தாண்டுகிற செடி குளத்து உள்வாயில்தான் இருக்கிறது, காசில்லாமல். கூந்தன்குளம் உங்களுக்குப் பக்கம்தான். அங்கே தண்ணீருக்குள் நிற்கிற நாட்டுக் கருவேல மரங்களைப் பாருங்கள். மாசக்கணக்கில் தூர் முழுகி நிற்கும், தண்ணீர் வற்றியதும் வெடித்த தரையில் நிற்கும், இரண்டு காலத்திலும் பச்சை. (பார்க்க மட்டும்தான். அது பறவைகள் சரணாலயம், ஒரு செடிகூடப் பிடுங்கக் கூடாது. கன்றெல்லாம் உங்கள் ஊர்க் குளத்தில் எடுத்தால் போதும்.)

தேங்காய்நார்க் கழிவை நானும் ஒருமுறை நம்பிப் போட்டேன், ஒரு கடையில் அடித்துச் சொன்னார்கள் என்று. முதல் பெருமழையில் அவ்வளவும் மேலே மிதந்து, மறுகால் வாயில் போய் அடைத்துக்கொண்டது. தண்ணீர் கரைமேல் ஏறி ஓர் ஓரத்தை அறுத்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தபோது கரையில் இருந்த நொச்சிக் கன்றுகள் வேர் தெரியத் தொங்கிக்கொண்டிருந்தன. தொட்டிச் செடிக்கு அது நல்ல பொருள், தண்ணீர் பாய்கிற இடத்துக்கு ஆகாது. எருவும் அப்படித்தான், பள்ளத்துக்குள் கொட்டினால் முதல் மழையில் கரைந்து போகும். கன்று வைக்கிற குழியில் ஒரு கைப்பிடி போதும்.

பள்ளத்துக்குள் முதலில் வைக்கவேண்டியது வெட்டிவேர். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. முழுகினாலும் அழுகாது, காய்ந்தாலும் தூர் சாகாது, வேர் பக்கவாட்டில் அலையாமல் நேராக ஆளுயரத்துக்கு மேலும் கீழே போகும். சுக்கானில் விரிசல் இருந்தால் அதற்குள்ளும் நுழையும். இளம் தாளை மாடு தின்னும். பழைய தூர் ஒன்றைப் பெயர்த்து, மண்ணை அலசி, இரண்டு மூன்று தாளாகப் பிரியுங்கள். இலையை ஒரு சாணுக்கும் வேரை நாலு விரலுக்கும் நறுக்கிவிட்டு, அரை அடிக்கு ஒன்றாக நெருக்கி நடுங்கள். மாடிக்குழாய் வந்து விழுகிற இடத்தில் நாலைந்து கல்லைப் போட்டு, அதற்கு முன்னால் பிறை மாதிரி ஒரு வரிசை. மறுகாலுக்குக் கீழே குறுக்காக இன்னொரு வரிசை. தண்ணீரின் வேகம் தாளில் மோதி அடங்கி, மண்டி அங்கேயே படியும். வெட்டிவேர் விதை என்று பாக்கெட் விற்கிறவர்களிடம் வாங்கிவிடாதீர்கள். நம் பக்கம் நடுகிற வெட்டிவேர் விதை விழுந்து பரவுவதில்லை, தூர் பிரித்துத்தான் நடவேண்டும்.

அடியில் மிச்ச இடம் முழுக்கப் பொடுதலை. கணுவோடு கிள்ளிக்கொண்டு வந்து ஈரமண்ணில் பதித்தாலே பிடித்துக்கொள்ளும். கரிசலாங்கண்ணியையும் பொன்னாங்கண்ணியையும் நீங்கள் தேடி நடவேண்டாம், குளத்துச் சேறு இரண்டு சட்டி கொண்டுவந்து தூவினால் அடுத்த மழையில் தானாக வரும், குழம்புக்கும் ஆகும். நீர்முள்ளி முளைத்தால் பிடுங்கிவிடுங்கள், பிள்ளைகள் ஓடுகிற இடத்தில் அந்த முள் வேண்டாம். ஒரு மூலையில் பாய்க்கோரை ஒரு தூர் வைக்கலாம், பத்தமடைப் பாய் முடைகிற கோரை இனம். ஆனால் கிழங்குக் கோரை மண்ணோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால் உளுந்து வயல்வரை போய் உங்களைப் பாடாய்ப் படுத்தும். சேறு எடுக்கும்போதே கையால் பிசைந்து கிழங்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

சரிவில் அருகு. சரிவுக்கு மேல் விளிம்பில் நொச்சிப் போத்தும் (வெட்டி நடுகிற கிளை) ஆடாதொடையும் மாற்றி மாற்றி, மூன்று அடிக்கு ஒன்று. இரண்டிலும் உங்கள் ஆடு வாய் வைக்காது. ஆடு தொடா இலை என்று பேரிலேயே இருக்கிறதே. கரை உச்சியில், தண்ணீர் ஏறாத இடத்தில் மட்டும் ஆவாரையும் கற்றாழையும். மேற்கே பத்துப் பன்னிரண்டு அடி தள்ளிப் புங்கை ஒன்று வையுங்கள், சாயங்கால வெயிலைத் தடுக்கும். கல்வாழை பிழைத்திருந்தால் இருக்கட்டும்.

வெடேலியாவை இன்றைக்கே வேரோடு எடுத்து, காயவைத்து எரித்துவிடுங்கள். பார்க்க மஞ்சள் பூ அழகாக இருக்கும், மறுகால் வழியாக ஒரு கணு ஓடைக்குப் போய்விட்டால் ஓடைக்கரை முழுக்க அதுதான். சம்பு, நாணல், குளத்தில் ஊதாப் பூ பூக்கிற நெய்வேலிக் காட்டாமணக்கு, இவற்றையும் அண்டவிடாதீர்கள். சின்னப் பள்ளத்தை இரண்டே வருஷத்தில் மூடிவிடும்.

நட மார்கழிதான் சரியான மாசம். பெருமழை ஓய்ந்திருக்கும், மண்ணில் ஈரம் இருக்கும். வெட்டிவேரும் போத்தும் முதலில் வைத்துவிடுங்கள், தையில் குளத்தைப் பார்த்துவிட்டு வந்து மற்றதை வையுங்கள். முதல் கோடைக்கு மட்டும் வாரம் ஒருதரம் பாத்திரம் அலசுகிற தண்ணீரைக் காட்டுங்கள், சோப்பு அதிகம் இல்லாமல். மறுவருஷம் அதுவும் வேண்டாம். வெட்டிவேரைப் புரட்டாசியில் முழங்கால் உயரத்துக்கு அறுத்துவிட்டு, மறுகால் கல்லில் அடைந்த சருகை எடுத்துவிடுங்கள்.

அத்தையிடம் சொல்லுங்கள். கொசு முட்டையிலிருந்து பறந்து போக ஒரு வாரமாவது ஆகும், இந்தப் பள்ளத்தில் தண்ணீர் இரண்டு நாளுக்கு மேல் நிற்காது. முற்றத்தில் கவிழ்க்காமல் கிடக்கிற பானையும் மாட்டுத்தொட்டியும்தான் கொசுவுக்கு வசதி, தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். பாம்பு வராது என்று நான் பொய் சொல்லமாட்டேன். தவளை வந்தால் அதைத் தேடிச் சாரை வரும், எலிக்காக நல்லபாம்பும் வரலாம். அதனால் வெட்டிவேர் வரிசைக்கும் வீட்டுக்கும் நடுவே ஆறு அடி வெறும் தரையாகப் பெருக்கி வையுங்கள், ராத்திரி அந்தப் பக்கம் போனால் டார்ச் இல்லாமல் போகவேண்டாம். குச்சி நட்டு அளந்த கணக்கையும் மாடியின் நீள அகலத்தையும் எழுதி அனுப்புங்கள், மறுகால் அகலம் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.