சிவப்பு மையால் ஆகாதது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கல்லூரியில், அடிப்படை போதாதவர்களுக்கான ஆங்கில ரெமிடியல் வகுப்பு எடுக்கிறேன். ஒரு பிழை விடாமல் திருத்திக் கொடுத்தும் அடுத்த கட்டுரையில் அதே பிழைகள் வருகின்றன. ஏன்?

பதில்: திருத்துவது நீங்கள், அதனால்தான். மாணவர் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுவார். ஒரு கட்டுரைக்கு இரண்டே வகைப் பிழைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பிழையுள்ள வரிக்கு நேரே, ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். எது பிழை என்பதை அவரே தேடட்டும். அதற்கு வகுப்பிலேயே பத்து நிமிடம் ஒதுக்குங்கள், வீட்டுக்குக் கொடுத்தால் நடக்காது. திருத்திய பிறகுதான் மதிப்பெண். தவறு, சரி, காரணம் என்று மூன்று நெடுவரிசை பிரித்த நோட்டில் அவர் அதை எழுதி வரட்டும். திரும்பத் திரும்ப வருவது சில வகைகள்தான் என்பது நாலைந்து கட்டுரைகளில் அவருக்கே தெரிந்துவிடும்.

எல்லாமே அலட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள். 'வாக்ட் டு' (walked to) என்று சேர்த்துச் சொல்லும்போது முதல் சொல்லின் 'ட்' காதில் விழுவதே இல்லை. கேட்டபடி எழுதுபவர் இறந்தகால விகுதியை விட்டுவிடுவார். இத்தகைய பிழைகளைப் பிடிக்க, கடைசி வாக்கியத்தில் தொடங்கிப் பின்னோக்கி, வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். முன்னிருந்து வாசித்தால் பொருளின் ஓட்டத்தில் இல்லாத எழுத்தையும் சேர்த்துப் படித்துவிடுவோம். பத்தியின் நடுவில் காலம் மாறுகிற பிழைக்கு மட்டும் இந்த வழி உதவாது. அதற்கு முன்னிருந்துதான் வாசிக்க வேண்டும்.

கேள்வி: இலக்கணப் பயிற்சிப் புத்தகம் முழுவதையும் முடித்தால் கட்டுரை சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. கோடிட்ட இடத்தை நிரப்பும்போது கவனம் ஒரு சொல்லில்தான் இருக்கும். நான்கு சிறு வாக்கியங்களை ஒன்றாக்கி, அதையே மூன்று விதமாக எழுதிப் பழகுங்கள்.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரியில் சேர்கிறாள். ரெமிடியலில் போட்டால் கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்காகும் புள்ளி) இல்லாமல் ஒரு வருடம் போய்விடுமா?

பதில்: கல்லூரியைப் பொறுத்தது. ரெமிடியலிலேயே இரண்டு மூன்று படிகள் இருந்தால், தேறியவர்கள்கூட ஒரு செமஸ்டருக்கும் அடுத்ததற்கும் இடையில் நின்றுவிடுகிறார்கள். மேரிலாந்தின் பால்டிமோர் கவுண்டி சமுதாயக் கல்லூரி 2007இல் இந்தப் படிகளைச் சுருக்கியது. மாணவரை நேராக முதலாண்டு ஆங்கிலத்தில் சேர்த்து, அதே ஆசிரியரிடம் கூடுதல் வகுப்பும் வைத்தது. கலிஃபோர்னியாவின் 2017ஆம் ஆண்டு ஏபி 705 சட்டப்படி, சமுதாயக் கல்லூரிகள் மாணவரை எந்த நிலை வகுப்பில் போடுவது என்று முடிவு செய்யும்போது பள்ளி மதிப்பெண்ணையும் பார்க்க வேண்டும். ஆகவே சேரும் முன் ஆலோசகரிடம், கூடுதல் வகுப்போடு நேரடியாகச் சேர வழியுண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். பள்ளி மதிப்பெண் பட்டியலும் கையில் இருக்கட்டும்.