கேள்வி-பதில்: காலடியில் சுடும் வான்

பழைய ஹயேஸ் வானில் கட்டிலும் அடுப்பும் பூட்டி, குடும்பத்தோடு கதிர்காமம், நுவரெலியா என்று போய்வருகிறவர்கள் இம்முறை நிறைய எழுதியிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே முறைப்பாடுதான்: சைலன்சர் சூட்டில் தரை கருகுகிறது. அதனால் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கோப்பாய் வாசகர்: கட்டில், அலுமாரி, சிங்க் எல்லாம் பூட்டிய வான் ஒன்றை வாங்கினேன். வவுனியா போய்த் திரும்பியபோது நடுத்தரையில் வினைல் விரிப்பு பழுப்பாகிப் பொங்கியிருந்தது. மிதித்தால் அமுங்குகிறது. மேலே இன்னொரு பிளைவூட் அடித்தால் சரி என்கிறார் தச்சர். போதுமா?

போதாது, ஆபத்தும்கூட. மேலே அடிக்கும் பலகை சூட்டை வெளியேற விடாமல் மூடிவைக்கும். கீழ்ப்பலகை முன்னையைவிட வேகமாகக் கருகும். மரம் கருக நெருப்பு வேண்டாம். 100 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு திரும்பத் திரும்பப் பட்டாலே அது காய்ந்து, பழுப்பாகி, கரியாகிவிடும். கரியான மரம் எளிதாகப் பற்றும்.

விரிப்பை உரித்துப் பாருங்கள். ஸ்குறூத் தலைகளைச் சுற்றி இரண்டு ரூபாக் குற்றி அளவில் கறுப்பு வட்டங்கள் தெரிந்தால், சூடு அந்த இரும்பு வழியாகவே ஏறியிருக்கிறது. பலகையைப் பூட்டியவர் வானின் தகட்டையும் துளைத்து ஸ்குறூ இறக்கியிருப்பார். அதன் கூர் கீழே சைலன்சருக்கு நேர் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். பலகைக்கும் தகட்டுக்கும் இடையில் ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப்பலகை வைத்திருந்தால் அது சுருங்கிப் போயிருக்கும். 80 பாகைக்கு மேல் ரெஜிபோம் தாங்காது. மிதிக்கும்போது அமுங்குவது பெரும்பாலும் இந்தப் பொள்ளலால்தான்.

பலகையைத் தொடுமுன் சூட்டின் காரணத்தைப் பிடியுங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்ரார்ட் செய்து, தடித்த கையுறை போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் புகைக்குழாயின் வாயை ஓரிரு விநாடி அடையுங்கள். ஒழுக்கு இருந்தால் மூட்டில் சீறும் சத்தம் கேட்கும். சவர்க்கார நீர் பூசினால் குமிழி வரும். மூட்டுகளில் கரிக்கோடு இருந்தாலும் அதே அர்த்தம்தான். அடுத்து, சைலன்சரைத் தாங்கும் றப்பர்களைப் பாருங்கள். ஒன்று அறுந்து, அதற்குப் பதிலாகக் கட்டுக்கம்பி போட்டிருந்தால் குழாய் இழுபட்டுத் தரையோடு ஒட்டியிருக்கும். குழாய்க்கும் மரத்துக்கும் இடையில் குறைந்தது மூன்று அங்குலம், அதாவது 75 மில்லிமீற்றர் வேண்டும். பெற்றோல் வானானால் பிளக்குகளையும் சோதியுங்கள். எரியாத பெற்றோல், புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டருக்குள் போய் எரிந்தால் அந்தப் பெட்டி இருட்டில் சிவப்பாகத் தெரியும் அளவுக்குச் சுடும். அந்தக் குறையைத் திருத்தாமல் தரைக்குச் செலவழிக்கும் காசு வீண்.

பிறகு வெட்டு வேலை. திருப்புளி முனையால் குத்திக்கொண்டு போங்கள். கடினமான, நிறம் மாறாத மரம் வந்த இடத்திலிருந்து இன்னும் மூன்று அங்குலம் தள்ளி வெட்டுங்கள். கீழே தகட்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருப்பிடித்த ஓட்டைகளை 1 மில்லிமீற்றர் தகட்டால் வெல்ட் செய்யுங்கள். வெல்டிங்குக்கு முன் பற்றரியைக் கழற்றுங்கள். மிச்சமிருக்கும் ரெஜிபோம், விரிப்பு எல்லாம் வெளியே போகட்டும். எரிபொருள் தாங்கியும் அதன் குழாய்களும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பிறகு துருத்தடுப்புப் பூச்சு, மூட்டுகளுக்கு சீலர். சைலன்சருக்கு மேலுள்ள பகுதியில் ரெஜிபோமுக்குப் பதில் 25 மில்லிமீற்றர் றொக்வூல் (பாறையை உருக்கி இழுத்த நார்), அதன்மேல் 12 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட். அந்தப் பகுதியில் தகட்டைத் துளைக்கும் ஸ்குறூ ஒன்றுகூட வேண்டாம்; பலகையை ஓரச் சட்டங்களில் பூட்டுங்கள். வீட்டில் மிஞ்சிய பழைய அஸ்பெஸ்டஸ் தகட்டை அறுத்து வைக்க யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்தத் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

உண்மையான தடுப்பு வானுக்கு அடியில்தான் இருக்க வேண்டும். 1 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு, சைலன்சரைவிட ஒவ்வொரு பக்கமும் நான்கு அங்குலம் அகலமாக. தகட்டுக்கும் வானின் தரைக்கும் இடையில் ஒரு அங்குல இடைவெளி விட, இரும்புக் குழாய்த் துண்டுகளை வெட்டி 6 மில்லிமீற்றர் போல்ட்டில் கோர்த்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் திறந்திருக்க வேண்டும். ஓடும்போது காற்று அதற்குள்ளால் போய்ச் சூட்டை அள்ளிச் செல்லும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் அகலமான வொஷரும் ஸ்பிரிங் வொஷரும் போடுங்கள். இல்லாவிட்டால் அதிர்வில் அலுமினியம் துளையைச் சுற்றிக் கிழியும். தகட்டைக் குழாயோடு கட்டவே கூடாது. இரண்டு மீற்றர் இரும்புக் குழாய் 300 பாகை சூடேறினால் ஏழு மில்லிமீற்றர் நீளும்; கட்டியிருப்பது எதுவானாலும் இழுபட்டு உடையும்.

நெல்லியடி வாசகர்: பார்க்கப்போன வானில் நடுவில் மட்டும் புது விரிப்பு. "பழைய கறை, அதுதான் மாற்றினேன்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

விரிப்பைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வாங்காதீர்கள்.

உடுவில் வாசகர்: குமிழி வைத்த வெள்ளித்தாளைத் தரையில் ஒட்டினால் சைலன்சர் சூடு வராது என்று கடைக்காரர் சொல்கிறார். உண்மையா?

இல்லை. இந்தத் தாளால் ஏமாந்தவர்களின் கடிதம் எனக்கு ஓயாமல் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அது கூரை ஓட்டுக்குக் கீழே விரிப்பதற்கென்று செய்த பொருள். வெயிலில் காய்ந்த ஓடு கையால் தொடக்கூடிய அளவுதான் சுடும். ஏற்றத்தில் சுமையோடு இழுக்கும் வானின் சைலன்சர் 200, 300 பாகைக்குப் போகும். தாளின் உள்ளே இருப்பது பொலித்தீன் குமிழி. அது 110 பாகை அளவில் உருகும். உருகினால் மேலேயும் கீழேயும் இருக்கும் மெல்லிய வெள்ளி ஒன்றோடொன்று ஒட்டி, தடுப்பு என்று எதுவும் மிஞ்சாது.

அதைவிடப் பெரிய பிழை ஒட்டுவது. பளபளப்பான பரப்பு கதிராக வரும் சூட்டைத்தான் திருப்பி அனுப்பும், அதற்கு முன்னால் காற்று இடைவெளி இருக்க வேண்டும். பசை பூசி இரும்போடு அழுத்தினால் சூடு தொட்டுத் தொட்டே கடந்துவிடும். வெள்ளியாக இருந்தாலென்ன, கறுப்பாக இருந்தாலென்ன, வித்தியாசமில்லை. கடைக்காரர் விளக்குக்குக் கீழே தாளைப் பிடித்துக் கையை மறுபக்கம் வைத்துக் காட்டுவார். கை குளிர்ந்திருக்கும், ஏனென்றால் அங்கே காற்று இருக்கிறது. அதே தாளைச் சூடான தோசைக்கல்லில் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். கூரைக்கு நல்ல பொருளைத் தரைக்கென்று விற்பது பொய் சொல்லி விற்பதுதான்.

வேலணை வாசகர்: குழாயைச் சுற்றும் கண்ணாடி நார்ப் பட்டி நல்லதா?

கடல் சூழ்ந்த உங்கள் ஊருக்கு வேண்டாம். பட்டி சூட்டை அடக்கும், ஆனால் தண்ணீரையும் உறிஞ்சி வைத்திருக்கும். கடலை ஊடறுக்கும் தாம்போதித் தெருவில் தெறிக்கும் உப்புநீர் உள்ளே தங்கி, சாதாரண இரும்புக் குழாயை வெளியே தெரியாமல் அரிக்கும். நானும் இதைக் காசு கொடுத்து வாங்கிச் சுற்றியிருக்கிறேன். இரண்டாவது மாரியில் பட்டியை அவிழ்த்தபோது குழாய் விரலுக்கு உதிர்ந்தது. தகட்டுத் தடுப்பே போடுங்கள். தாம்போதியால் போய்வந்தால், குழாய் ஆறியபின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

மானிப்பாய் வாசகர்: விலை ஏறிவிடும் என்று இரவு ஏழு மணிக்கே பார்த்துக் காசு கொடுத்து எடுத்தேன். ரசீது வாங்கவில்லை. விடியத்தான் தரை கருகியிருப்பது தெரிந்தது. காசைத் திரும்பப் பெறலாமா?

தம்பி, இத்தனை இலட்சம் கொடுக்கும் பொருளை இருட்டில், அடியில் குனிந்து பாராமல், ஒரு துண்டு எழுத்தும் இல்லாமல் வாங்கியிருக்கிறீர்கள். ஒரு ரோர்ச்சும் ஐந்து நிமிடமும் போதுமாயிருந்தது. இதே பிழையை இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதுவது?

இனிச் செய்யக்கூடியது: விற்பனை பற்றிய தொலைபேசிச் செய்திகளை அழிக்காதீர்கள், வங்கி மூலம் காசு போயிருந்தால் அந்தப் பதிவை எடுங்கள். வாகனம் விற்பதையே தொழிலாகச் செய்பவரானால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுங்கள். தனி ஆளானால் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். ரசீது இல்லாததால் உங்கள் பக்கம் பலவீனம்தான்.

சாவகச்சேரி, ஓய்வுபெற்ற ஆசிரியை: சூட்டுத் தகடு போட ஒரு கராஜில் 42,000 ரூபா வாங்கினார்கள். ஒரு மாதத்தில் கடகடவென்று சத்தம். பார்த்தால் மெல்லிய தகரத்துக்கு வெள்ளிப் பெயின்ற் அடித்து, கம்பியால் சைலன்சரிலேயே கட்டியிருக்கிறார்கள். கேட்கப்போனால் "அது அப்படித்தான் ரீச்சர்" என்கிறார்கள்.

அது அப்படியல்ல ரீச்சர். உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், நீங்கள் கேட்டது முழுக்க நியாயம். தகரத்தை இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். கம்பிக் கட்டு தெரிய, அருகில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். பற்றுச்சீட்டைப் பிரதி எடுங்கள். வேறொரு மெக்கானிக்கிடம் காட்டி, என்ன போட்டிருக்கிறது, எப்படிப் பூட்டியிருக்கிறது என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள். பிறகு கராஜுக்குப் பதிவுத் தபாலில் கடிதம்: 14 நாளில் காசைத் திருப்புங்கள் அல்லது சரியாகச் செய்து தாருங்கள் என்று. பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள், எழுத்திலும் முறையிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் உரியது. கடிதம் எழுத உதவி வேண்டுமானால் எனக்கு எழுதுங்கள், நானே எழுதித் தருகிறேன்.

நல்லூர் வாசகர்: கனடாவில் தம்பி வாங்கிய பெற்றோல் மோட்டார் ஹோமில் கட்டிலுக்கு அடியில் தரை சுடுகிறதாம். எஞ்சின் முன்னால் அல்லவா இருக்கிறது?

ஜெனரேற்றர் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அதற்கும் தனிச் சைலன்சர் உண்டு. நின்ற இடத்தில் மணிக்கணக்காக ஓடுவதால் காற்றோட்டமும் கிடைக்காது. அங்கேயும் மரத்துக்கு மூன்று அங்குல இடைவெளி அல்லது தகட்டுத் தடுப்பு வேண்டும். தொடாமல் அளக்கும் கையடக்க வெப்பமானியால் அளப்பதானால் பளபளப்பான தகட்டை நேரே அளக்கக் கூடாது, உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். தரையின் அடிப்பக்கத்தில் கறுப்பு இன்சுலேஷன் ரேப் துண்டு ஒட்டி அதை அளக்கட்டும்.

பருத்தித்துறை வாசகர்: இரவில் ஏசி போட்டு, எஞ்சினை ஓடவிட்டுப் பிள்ளைகளோடு வானுக்குள் தூங்கலாமா? தரையில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கிறது, துணி அடைத்திருக்கிறேன்.

தூங்கவே கூடாது. சைலன்சர் ஒழுகினால் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு அந்த ஓட்டையால் ஏறும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலையிடியும் குமட்டலும் வரும், தூங்குகிறவர்களுக்கு அதுவும் தெரியாது, உயிர் போய்விடும். துணியை எடுத்துவிட்டு ஓட்டையை வெல்ட் செய்யுங்கள், சைலன்சர் மூட்டுகளைச் சோதியுங்கள். அதன்பிறகும் எஞ்சின் ஓட யாரும் உள்ளே தூங்க வேண்டாம்; யன்னலுக்கு நுளம்பு வலை அடித்து, கூரையில் பற்றரி விசிறி பூட்டுங்கள்.

காபனோரொட்சைட்டு அலாரம் ஒன்றும் வாங்குங்கள். புகை அலாரம் இதைப் பிடிக்காது. பெட்டியில் ஈஎன் 50291-2 என்று இருக்க வேண்டும். கடைசி 2 வாகனத்துக்கும் படகுக்கும் உரியது என்பதைக் குறிக்கும். உள்ளிருக்கும் உணரிக்கு ஆயுள் உண்டு, ஆகவே பின்பக்கத்தில் மாற்றவேண்டிய ஆண்டைப் பார்த்தே காசு கொடுங்கள். கட்டிலில் தலை வைக்கும் பக்கம் பூட்டி, ஒவ்வொரு பயணத்துக்கும் முன் பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள்.