சிமெண்டுத் தரைக் கோழிக்கூட்டுக்கு உமியா, மரத்தூளா, வைக்கோலா?

தம்பி, பர்மாவின் பெகு ஊரில் புதுசாகச் சிமெண்டுத் தரை போட்ட கூட்டில் வைக்கோல் பரப்பினேன், மழை தொடங்கியதும் நாற்றம் தாங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வைக்கோலை எடுத்துவிடுங்கள். நறுக்காத வைக்கோல் மேலே காய்ந்திருக்கும், அடியில் பாயாகப் படிந்து பூசணம் பிடிக்கும். அந்தப் பூசணம் கோழியின் நுரையீரலுக்கு ஆகாது.

உங்கள் பக்கம் நெல் ஆலைக்கா பஞ்சம்? உமியே போடுங்கள், மூன்று நான்கு அங்குல உயரத்துக்கு. மெல்லியதாகத் தூவினால் கடினத் தரையில் குதித்துக் குதித்துக் காலடி புண்ணாகும். மரத்தூள் பொடியாக இருந்தால் வேண்டாம். குஞ்சுகள் கொத்தித் தின்னும், தூசியும் அதிகம்.

மண் தரை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சிமெண்டு அப்படியே தேக்கி வைக்கும். அதனால் மேலே பார்த்து ஏமாறாமல் அடிவரை கிளறுங்கள், மழைக்காலத்தில் தினமும். ஒரு பிடி அள்ளி அழுத்திப் பாருங்கள். கட்டியாக நின்றால் அந்த இடத்தை அள்ளிவிட்டுப் புது உமி போடுங்கள். தண்ணீர்ச் சட்டியைச் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். நிறைய ஈரம் அங்கிருந்துதான் வரும்!

அப்புறம், நாற்றத்துக்குச் சுண்ணாம்பு தூவலாமா என்று கேட்டிருந்தீர்கள். கோழி உள்ளே இருக்கும்போது கூடாது. எச்சத்தோடு சேர்ந்தால், மூக்கில் ஏறும் அந்த நாற்ற வாயு, அமோனியா, இன்னும் கூடுதலாகக் கிளம்பும். கூட்டைக் காலி செய்து கழுவும்போது தரையில் பூசினால் சரி. அள்ளிய பழைய உமியை மட்க வைத்துக் கத்தரிக்குப் போடலாம்.