பூனை இருக்கட்டும், மாத்திரையை நிறுத்தாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 36. நான்கு மாதம் முன்புதான் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து, அந்த வைரஸை அடக்கும் ஏஆர்டி மாத்திரை எடுத்துவருகிறேன். எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் ரத்த அணுக்களான சிடி4-இன் எண்ணிக்கை 78. டாக்சோபிளாஸ்மா என்ற கிருமிக்கான ஐஜிஜி ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். எட்டு வருடமாக வளர்க்கும் பூனையால்தான் இது வந்தது, அதை எங்காவது விட்டுவிடு என்கிறார் அம்மா. தினமும் ஒரு செப்ட்ரான் மாத்திரையும் தருகிறார்கள். இப்போது உடம்பு தேறிவிட்டது, அதை நிறுத்தலாமா?

பதில்: பூனையை விட வேண்டாம். மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.

ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் இந்தக் கிருமி எப்போதோ உங்கள் உடம்புக்குள் வந்துவிட்டது என்று மட்டுமே பொருள். இப்போது நோய் இருக்கிறது என்று பொருள் இல்லை. சரியாக வேகாத இறைச்சி, கழுவாத கீரை, தோட்டத்து மண், அசுத்தமான தண்ணீர் என எந்த வழியிலும் அது வந்திருக்கலாம். ஒருமுறை நுழைந்தால் மூளையிலும் தசையிலும் சின்னச் சின்னக் கூடுகளாக ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். எதிர்ப்புச் சக்தி உள்ளவரை அடங்கிக் கிடக்கும். சிடி4 100-க்குக் கீழே போகும்போது அந்தக் கூடுகள் உடைந்து மூளையில் புண்ணாகின்றன. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இந்த நோய் பெரும்பாலும் இப்படி உள்ளிருந்துதான் கிளம்புகிறது. புதிதாகத் தொற்றி அல்ல.

பூனை பொதுவாக முதன்முறை தொற்றும்போதுதான், அதுவும் ஒன்றிரண்டு வாரங்கள் மட்டும், இக்கிருமியை மலத்தில் வெளியேற்றும். எட்டு வயதுப் பூனை பெரும்பாலும் அந்தக் கட்டத்தை எப்போதோ தாண்டியிருக்கும். அதைத் தொட்டுத் தடவுவதால் ஒன்றும் ஆகாது. அதன் கழிவை மட்டும் வேறு யாராவது தினமும் அள்ளட்டும். வெளியேறிய கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும் என்பதால் அன்றன்றே அள்ளுவது முக்கியம். பச்சை இறைச்சி போடாதீர்கள். இப்போதைக்குப் புதுக் குட்டி எதுவும் வேண்டாம். உங்கள் தட்டில் வரும் கறி உள்வரை வெந்திருக்கட்டும். கோலா உருண்டைக்கு அரைத்த பச்சைக் கறியில் உப்பு பார்க்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

செப்ட்ரான் என்பது கோட்ரிமாக்சசோல். மூளைக்குள் இருக்கும் கூடுகளை அழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. அவை உடைந்து பெருகாமல் தடுப்பது இந்த மாத்திரைதான். சிடி4 குறைந்தவர்களைத் தாக்கும் ஒருவகை நிமோனியாவையும் இதுவே தடுக்கிறது. பசி எடுப்பதும் எடை கூடுவதும் நல்ல அறிகுறிகள்தான், ஆனால் முடிவு செய்ய வேண்டியது சிடி4 எண். நம் ஏஆர்டி மையங்களில், அது 350-ஐத் தாண்டி, ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு பரிசோதனைகளிலும் அப்படியே நின்றால்தான் நிறுத்துவார்கள். இந்த மாத்திரையால் தோலில் தடிப்பு வந்தால் உடனே மையத்துக்குப் போங்கள். வாய்ப்புண்ணோ காய்ச்சலோ சேர்ந்தால் அடுத்த வேளை செப்ட்ரானைப் போடாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டாப்சோன் போன்ற மாற்று மருந்துகள் உண்டு.

விடாத தலைவலியோடு காய்ச்சல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், வலிப்பு, திடீர்க் குழப்பம் இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும். அவசரப் பிரிவில் எச்.ஐ.வி. இருப்பதையும் சிடி4 எண்ணையும் முதலிலேயே சொல்லுங்கள். பலர் கூச்சத்தில் மறைக்கிறார்கள். பக்கவாதம் என்று எண்ணி வேறு திசையில் வைத்தியம் போய், விலைமதிப்பில்லாத நாட்கள் வீணாகின்றன. எனக்கு மிகவும் வேதனை தருவது இதுதான், ஏனென்றால் இது குணப்படுத்தக்கூடிய நோய். எச்.ஐ.வி. என்பதற்காகச் சிகிச்சை மறுப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. ஸ்கேனில் தெரியும் வளையம் போன்ற புண்கள் மூளைக் காசநோயிலும் அப்படியே தெரியும். அதனால் சந்தேகம் வந்தவுடன் டாக்சோ மருந்தைத் தொடங்கிவிட்டுக் கவனிப்பார்கள். டாக்சோவாக இருந்தால் பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்துக்குள் முன்னேற்றம் தெரியும். முழு சிகிச்சை குறைந்தது ஆறு வாரம். பிறகு குறைந்த அளவில் மருந்து தொடரும்.

குழப்பம் வந்துவிட்டவருக்குத் தன் நிலை தனக்கே தெரியாது. அதனால் இந்த அறிகுறிகளை அம்மாவிடமும் சொல்லிவையுங்கள். உங்கள் ஏஆர்டி புத்தகம் எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.